பாஸ்டன் ரயிலுக்கு எங்கள் ஒரு டாலர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 100 டாலருக்கு ஒரு பொருள் வாங்கினால் விற்பனை வரி 6 டாலர் 25 சென்ட். அதில் ஒரு டாலர், பாஸ்டன் வட்டாரத்தின் ரயில்களையும் பேருந்துகளையும் நடத்தும் எம்.பி.டி.ஏ.வுக்குப் போகிறது. வருடாவருடம் சட்டமன்றத்தில் சண்டை போட்டு வாங்கும் பணம் இல்லை இது. 2000-ஆம் ஆண்டிலிருந்து சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பொருளை பாஸ்டன் நகருக்குள் வாங்கினாலும் சரி, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போக வேண்டிய பிட்ஸ்ஃபீல்டில் வாங்கினாலும் சரி, அந்த ஒரு டாலர் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

நான் இருப்பது மாநிலத்தின் மேற்குப் பக்கம், கனெக்டிகட் ஆற்றைத் தாண்டி ஒரு மலையோரச் சிற்றூரில். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மாதாமாதம் மாநில வரித்துறையின் மாஸ்டாக்ஸ்கனெக்ட் தளத்துக்குள் போய், ஒவ்வொரு கடைக்கும் எஸ்.டி.-9 என்ற விற்பனை வரிப் படிவத்தை நிரப்பி வரியைக் கட்டி விடுவேன். மொத்த விற்பனை, வரி இல்லாத விற்பனை, வரி உள்ள விற்பனை, கட்ட வேண்டிய தொகை, படிவத்தின் சாரம் அவ்வளவுதான். கட்டிய காசு எங்கே போகிறது என்று சொல்ல அதில் ஒரு கட்டமும் கிடையாது. அதனால் என்னிடம் கணக்குக் கொடுப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு டாலர் சமாச்சாரமே தெரியாது. தெரிந்த மீதிப் பேர் அதைப் பேச ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

அவர்களில் ஒருவர் டயர் கடைக்காரர். நவம்பர் பிறந்தால் அவர் கடையில் கூட்டம் தாங்காது. பனிக்கால டயர் மாற்ற வாசல் வரைக்கும் வண்டிகள் நிற்கும். போன சீசனில் கணக்குப் பார்க்கப் போனபோது ஒரு ரசீதை எடுத்து என் முன்னால் வைத்தார். நான்கு டயர், 600 டாலர், வரி 37 டாலர் 50 சென்ட். அந்த 37.50-க்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் 6 என்று எழுதினார். "இந்த அம்மா ஏன் டயர் வாங்குகிறாள் தெரியுமா? இங்கே ரயில் இல்லை, பேருந்து இல்லை. வேலைக்குப் போக வண்டி ஒன்றுதான் வழி. ரயில் இல்லாத குறைக்கு வாங்கிய டயரிலிருந்து பாஸ்டன் ரயிலுக்கு ஆறு டாலர். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?"

நியாயமான கேள்வி. அதுவும் விற்பனை வரி ஏழை பணக்காரர் பார்க்காது. மளிகைச் சாமான்களுக்கு இங்கே வரி இல்லை, 175 டாலர் வரைக்குமான துணிமணிகளுக்கும் இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் டயர், பேட்டரி, வைப்பர் எல்லாவற்றுக்கும் உண்டு. காரில்லாமல் பிழைக்க முடியாத ஊரில் வரி விழும் பொருள்களில் பாதி காரைச் சுற்றித்தான் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தும், அந்த ஒரு டாலரை நாங்கள் தொடர்ந்து கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மேற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முதலில், இங்கே உள்ள மனத்தாங்கலுக்கு வேர் எங்கே என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பாஸ்டனுக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்பதற்காக எங்கள் பக்கத்தில் குவாபின் நீர்த்தேக்கம் கட்டினார்கள். அதற்காக டானா, என்ஃபீல்ட், கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்களை 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படி இல்லாமல் ஆக்கினார்கள். சுமார் 2,500 பேர் வீடுகளை விட்டுப் போனார்கள். கல்லறைகளைக்கூட விட்டுவைக்கவில்லை, 7,000-க்கும் மேற்பட்டவற்றைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைத்தார்கள். தண்ணீர் முழுதாக நிரம்ப 1946 ஆயிற்று. இன்றைக்கும் பாஸ்டன்காரர் குழாயைத் திறந்தால் வருவதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான். எண்பது சொச்சம் வருடம் ஆகிவிட்டாலும் இங்கே ஊர்க்கூட்டத்தில் பாஸ்டன் என்ற பேச்சை எடுத்தால், யாராவது ஒருவர் "தண்ணீரைக் கொடுத்தோம், ஊரைக் கொடுத்தோம், இப்போது ரயிலுக்கும் காசா?" என்று கேட்காமல் விட மாட்டார். கேட்பவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது வேறு கணக்கு. குவாபினுக்கான நியாயத்தை பாஸ்டனின் ரெட் லைன் ரயிலில் போய் வசூலிக்க முடியாது.

என் தம்பி குவின்சியில் இருக்கிறான். தினமும் ரெட் லைன் பிடித்து கேம்பிரிட்ஜ் கெண்டல் சதுக்கத்துக்கு வேலைக்குப் போகிறான். நாங்கள் இரண்டு பேரும் போனில் சண்டை போடாத வாரம் குறைவு. நான் டயர் கடைக் கதையைச் சொன்னதும், "அக்கா, நீ விற்பனை வரியை மட்டும் வெச்சுக்கிட்டுப் பேசாதே. வருமான வரிக்கு வா" என்றான். வந்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு அங்கே போனால் தோல்விதான். மாநிலத்தின் வருமான வரியில் பெரும்பங்கு பாஸ்டனிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும்தான் வருகிறது. 2022-இல் வாக்கெடுப்பில் ஜெயித்த கோடீஸ்வரர் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் அந்த மேல்தொகைக்கு 4 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அப்படிப்பட்டவர்களை எங்கள் மலையோர ஊர்களில் விளக்கு வைத்துத் தேட வேண்டும். அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு, சமுதாயக் கல்லூரிகளில் கட்டணமில்லாப் படிப்பு. ஹோலியோக் கல்லூரியில் படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

பள்ளிக்கூடம் என்றதும் ஸ்பிரிங்ஃபீல்ட் நினைவுக்கு வருகிறது. மேற்கின் பெரிய நகரம், ஏழை நகரமும்கூட. அதன் பள்ளிச் செலவில் பெரும்பகுதி மாநிலம் கொடுக்கும் சாப்டர் 70 உதவி. வசதியான கிழக்கத்திய ஊர்கள் தங்கள் பள்ளிச் செலவின் பெரும்பங்கைத் தங்கள் சொத்து வரியிலிருந்தே பார்த்துக்கொள்கின்றன. யாரும் வெஸ்டனிலோ வெல்ஸ்லியிலோ நின்று "ஸ்பிரிங்ஃபீல்ட் பிள்ளைகளுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?" என்று பதாகை பிடிப்பதில்லை. மனதுக்குள் நினைக்கிறார்களோ என்னவோ.

அதே விற்பனை வரியில் இன்னொரு டாலர் இருக்கிறது. அதைப் பற்றி மேற்கில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த 6.25-இல் ஒரு டாலர் ரயிலுக்கு என்றால், இன்னொரு டாலர் பள்ளிக் கட்டட ஆணையத்துக்கு. 2004-இல் ஏற்படுத்தியது. புதுப் பள்ளி கட்டவோ பழையதைப் புதுப்பிக்கவோ ஊர்களுக்கு அந்த ஆணையம் பங்கு கொடுக்கும்; வசதி குறைந்த ஊர் என்றால் பங்கு கூடும். 2011 ஜூன் 1 அன்று ஸ்பிரிங்ஃபீல்டைச் சூறாவளி தாக்கியபோது புரூக்கிங்ஸ் பள்ளி சிதைந்து போனது. புதுக் கட்டடத்துக்கு அந்த ஆணையத்தின் பணம் வந்தது. பாஸ்டனில் காப்பி இயந்திரம் வாங்கியவர், லோவலில் சோபா வாங்கியவர் எல்லோருடைய காசும் அதில் இருக்கிறது. ரயில் டாலரை எண்ணுகிற நாம் இந்த டாலரையும் எண்ண வேண்டாமா? டயர் கடைக்காரரிடம் கேட்டேன். "அது பள்ளிக்கூடம்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

சாலைக் கணக்கும் இப்படித்தான். ஊர்ச் சாலைகளைப் பராமரிக்க மாநிலம் கொடுக்கும் சாப்டர் 90 பணத்தைப் பிரிக்கும் பழைய சூத்திரத்தில் சுமார் 58 சதவீத எடை சாலையின் நீளத்துக்கு. மக்கள்தொகைக்கும் வேலைவாய்ப்புக்கும் மீதியில் ஆளுக்குப் பாதி. ஆளில்லாத மலையில் நீளமாகச் சாலை வைத்திருக்கிற ஊருக்கு இதைவிட வசதியான சூத்திரம் அமையாது. நான் எங்கள் ஊர் நிதிக் குழுவில் இருக்கிறேன் (சம்பளம் இல்லாத வேலை, குளிர்காலத்தில் நகர மன்றத்துத் தரைக்கீழ் அறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து மூன்று மணி நேரம்). தலைக்கு இவ்வளவு என்று அந்தப் பணத்தைப் பிரித்திருந்தால் எங்கள் மண்சாலைகள் பாதியை மூட வேண்டியிருக்கும். தம்பி இதைத்தான் "உங்க ரோடுக்கு நாங்க, எங்க ரயிலுக்கு நீங்க" என்கிறான். அவன் சொன்னால் எரிச்சலாக இருக்கும். ஆனால் தப்பில்லை.

இன்னொரு சங்கதி. ரெட் லைனுக்கும் ஆரஞ்ச் லைனுக்குமான புது ரயில் பெட்டிகளை எங்கே பாகம் பொருத்தி உருவாக்கினார்கள்? ஸ்பிரிங்ஃபீல்டில். பழைய வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலை இருந்த இடத்தில் சி.ஆர்.ஆர்.சி. என்ற சீன நிறுவனம் ஆலை கட்டியது. 2014-இல் 284 பெட்டிகளுக்கு ஒப்பந்தம், பின்னால் இன்னும் 120 சேர்த்து மொத்தம் 404. பெட்டிகளை மாசசூசெட்ஸில்தான் பாகம் பொருத்தி உருவாக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் மத்திய அரசின் பணம் கிடைக்காது என்று தெரிந்தும், மாநிலம் அந்த நிபந்தனையைப் போட்டது. பெட்டிகள் சொன்ன தேதிக்கு வரவில்லை, வருடக்கணக்கில் இழுத்தது, 2024-இல் ஒப்பந்தத்தைத் திருத்தி விலையை ஏற்ற வேண்டியதாயிற்று. பாஸ்டனில் பயணம் செய்கிறவர்கள் பழைய பெட்டிகளில் காத்துக் கிடந்தார்கள். இருந்தாலும் வெல்டிங்காரருக்கும் மின்பணியாளருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் தொழிற்சங்கச் சம்பளத்தோடு வேலை கிடைத்தது எதனால்? பாஸ்டனில் ரயில் ஓடுவதால்.

சரி, அப்படியென்றால் மேற்கின் புலம்பலில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது அந்த ஒரு டாலரின் தொகையில் இல்லை, அது கொடுக்கப்படும் விதத்தில் இருக்கிறது.

2000-க்கு முன்னால் எம்.பி.டி.ஏ. செலவு செய்யும், வருடக் கடைசியில் மாநிலம் பற்றாக்குறையைக் கட்டும். அதில் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லித்தான், முன்கூட்டியே ஒரு நிலையான வருமானத்தைக் கொடுத்து 'இதற்குள் சமாளி' என்று மாற்றினார்கள். விற்பனை வரியில் ஒரு சதவீதம், கூடவே பாஸ்டன் வட்டாரத்தின் 170-க்கும் மேற்பட்ட ஊர்கள் வருடாவருடம் கட்ட வேண்டிய பங்கு. (கிழக்கத்திய ஊர்கள் ஓசியில் போகவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.) கூடவே பழைய கடனையும் அதன் தலையில் கட்டினார்கள். அந்தக் கடனில் ஒரு பகுதி, நகருக்கு அடியில் கார்கள் போகத் தோண்டிய பிக் டிக் சுரங்கச் சாலைக்குப் பரிகாரமாகச் செய்ய ஒப்புக்கொண்ட ரயில் வேலைகளுக்கானது. விற்பனை வரியோ எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. கடைசியில் பராமரிப்புதான் அடி வாங்கியது. 2022-இல் ஆரஞ்ச் லைனை 30 நாள் முழுதாக மூடிப் பழுதுபார்த்தார்கள். 2023 மார்ச்சில் பாதுகாப்புக்காக நகர ரயில்கள் எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். நடந்து போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று தம்பி அலுத்துக்கொண்ட காலம் அது. 2024 கடைசிக்குள் அந்த மெதுவோட்டப் பகுதிகளைச் சரிசெய்துவிட்டார்கள். ஆக, பணம் தாராளமாகக் கொட்டிக் கிடக்கும் இடம் இல்லை அது.

ஆனாலும் அதனிடம் எங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: உத்தரவாதம். கடைகளில் விற்பனை படுத்து அந்த ஒரு சதவீதம் சுருங்கினால்கூட, சட்டம் ஒரு அடித்தொகையை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் மாநிலம் ஈடுகட்ட வேண்டும்.

பாஸ்டனுக்கு வெளியே மாநிலத்தில் 15 வட்டாரப் போக்குவரத்து அமைப்புகள் உண்டு. எங்கள் பக்கத்தில் பெரியது பி.வி.டி.ஏ. ஸ்பிரிங்ஃபீல்ட், ஹோலியோக், நார்தாம்ப்டன், ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் அதில் வரும். ஆம்ஹர்ஸ்டில் அதன் பேருந்துகளைப் பல்கலைக்கழக மாணவர்களே ஓட்டுவார்கள். இருபது வயதுப் பெண் அவ்வளவு நீள வண்டியைப் பனியில் வளைத்துத் திருப்புவதைப் பார்த்தால் நமக்கே ஒரு பெருமை வரும். இந்த 15 அமைப்புகளுக்கும் எம்.பி.டி.ஏ.வுக்கு உள்ளது போன்ற அடித்தொகையும் கிடையாது, விற்பனை வரியில் அப்படி ஒரு பங்கும் கிடையாது. பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் என்ன எழுதுகிறார்களோ அதுதான். 2010-களின் நடுவில் சில வருடம் தொகை ஏறவே இல்லை. டீசல் விலையும் சம்பளமும் ஏறின. 2018-இல் பி.வி.டி.ஏ. பேருந்துக் கட்டணத்தை 1.25 டாலரிலிருந்து 1.50 ஆக்கியது, சேவையையும் குறைத்தது. அதே வருடம் டயர் கடையின் ஒரு சதவீதம் ஒரு சென்ட் குறையாமல் கிழக்கே போனது. கோபம் வருமா வராதா?

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. கோடீஸ்வரர் வரி வந்த பிறகு வட்டார அமைப்புகளுக்கும் அதிலிருந்து பணம் வருகிறது. 2025 நிதியாண்டில் அதையும் சேர்த்து மாநிலம் 15 அமைப்புகளுக்கும் மொத்தமாகக் கொடுத்தது சுமார் 20 கோடி டாலர். அவற்றில் பெரும்பாலானவற்றில் இப்போது கட்டணமே வாங்குவதில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் மருத்துவமனைத் துப்புரவு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எம்.பி.டி.ஏ.வுக்கு விற்பனை வரியிலிருந்து மட்டும் வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் போகிறது என்று ஒப்பிடுவார்கள். அது சரியான ஒப்பீடு இல்லை, அங்கே ஏறுகிற கூட்டம் அப்படி. என் கவலை வேறு. அடுத்த பொருளாதாரச் சரிவில் பட்ஜெட்டை வெட்ட உட்கார்ந்தால் முதலில் கைக்கு அகப்படுவது சட்டத்தில் எழுதாத தொகைதான். முதலில் போவது இரவுப் பேருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தும்தான். எங்களைப் போன்ற ஊர்களில் வேறு ஒன்றும் இல்லை, முதியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகும் வேன் ஒன்றுதான். அதையும் வாரத்தில் இரண்டு நாள் என்று ஆக்கிவிடலாம்.

சிலர் சியாட்டில் மாதிரி செய்யலாமே என்கிறார்கள். அங்கே ரயில்களையும் பேருந்துகளையும் நடத்தும் சவுண்ட் டிரான்சிட் தன் பகுதியை ஐந்தாகப் பிரித்து, எந்தப் பிரிவில் வசூலித்த பணமோ அந்தப் பிரிவின் நன்மைக்கே செலவு என்று விதி வைத்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அதே விதி இருந்தும், 2016-இல் ரயில் விரிவாக்கத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது டகோமா இருக்கும் பியர்ஸ் மாவட்டம் வேண்டாம் என்றுதான் வாக்களித்தது. மூன்று வருடம் கழித்து, அந்த ரயிலோடு சம்பந்தமே இல்லாத ஊர்களும் சேர்ந்து வாஷிங்டன் மாநிலம் முழுக்க வாக்களித்து அதற்கான கார் வரியையே வெட்டப் பார்த்தன. நீதிமன்றம்தான் 2020-இல் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. எல்லோரும் அவரவர் டாலரை அவரவர் வாசலிலேயே வைத்துக்கொள்வது என்று ஆரம்பித்தால், மேற்கு மாசசூசெட்ஸுக்குத்தான் முதல் நட்டம். வசூலிக்க இங்கே என்ன இருக்கிறது?

ரயில் விஷயத்தில் எங்களுக்கு ஒரு நம்பிக்கையும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பாஸ்டனுக்கு நேர் ரயில் இப்போது நாளுக்கு ஒன்றுதான், சிகாகோவிலிருந்து வரும் ஆம்ட்ராக் வண்டி. அது தாமதம் ஆகாமல் வந்தால் அதிர்ஷ்டம். மேற்கு-கிழக்கு ரயில் என்று பல வருடமாகப் பேசி, 2023-இல் ஸ்பிரிங்ஃபீல்ட், வூஸ்டர் இடையே தண்டவாளத்தை மேம்படுத்த மத்திய அரசு 10.8 கோடி டாலர் ஒதுக்கியது. அது ஓட ஆரம்பித்து, எங்கள் பிள்ளை ஒன்று சவுத் ஸ்டேஷனில் இறங்கினால் அடுத்து எதில் ஏறும்? டயர் கடைக்காரர் கோடு போட்ட அந்த ஆறு டாலரில் ஓடும் ரெட் லைனில்தான்.

போன மாதம் நிதிக் குழுவில், மாநிலம் ஊருக்கு அனுப்பும் செர்ரி ஷீட் வந்தது. என்ன வரவு, என்ன பற்று என்று அதில் வரிசையாக இருக்கும். பற்றுப் பக்கத்தில் வட்டாரப் போக்குவரத்துக்கான எங்கள் ஊர்ப் பங்கும் ஒரு வரி. அதைப் பார்த்துப் பேச்சு கிளம்பி, எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று முடிவானது. எழுதும் வேலை வழக்கம்போல என்னிடம் வந்தது. ஒரு பக்கம்தான் எழுதினேன். எம்.பி.டி.ஏ.வுக்குப் போகும் ஒரு சதவீதம் அப்படியே தொடரட்டும் என்பது முதல் வாக்கியம். வட்டார அமைப்புகளுக்கும் அதே மாதிரி, விற்பனை வரியில் சட்டப்படி ஒரு பங்கு வேண்டும், அதற்கும் குறையக் கூடாத அடித்தொகை ஒன்று வேண்டும் என்பது மீதி.

குழுவில் ஒருவர், மாட்டுப் பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், படித்துப் பார்த்துவிட்டு மீதி எல்லாம் சரி, முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்த வாக்கியம் இல்லாமல் போனால் கிழக்கத்திய உறுப்பினர் ஒருவர்கூடக் கடிதத்தைப் பாதிக்கு மேல் படிக்க மாட்டார், மேற்கின் வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மசோதாவும் நிறைவேறியதில்லை என்று சொன்னேன். அவர் அசையவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. ஐந்து பேர் குழு, இப்போதைக்கு இரண்டுக்கு இரண்டு.